கயிற்றில் இரண்டாம் ஆள்

லீவுக்கா போறீங்கன்னு கேட்டீங்கல்ல. லீவு இல்ல அண்ணாச்சி. மொத்தமாப் போறேன். விலகுறேன்னு பேப்பர் போட்டு வாங்கிட்டு வந்துட்டேன். இன்னும் சர்வீஸ் கெடக்கு. பேசாம இருந்திருந்தா நாயப் சுபேதார் ஆகி, தோள்ல நட்சத்திரத்தோட ஊருக்கு வந்திருக்கலாம். வேண்டாம்னு தூக்கிப் போட்டுட்டு வாரேன். என் வீட்டுக்காரி போன்ல, உங்களுக்கு என்ன கோட்டி பிடிச்சிருக்கான்னு கேட்டா. ஆமா, பிடிச்சிருக்குன்னேன்.

ஏன்னு கேளுங்க. வண்டி இப்பத்தான் நாக்பூர் தாண்டியிருக்கு. சாத்தூர் வர்ற வரைக்கும் நேரம் கெடக்கு. எனக்கும் யார்கிட்டயாவது சொல்லணும். உள்ள எரியுது.

என் பேரு குருவையா. கம்பெனி ஹவில்தார் மேஜர். உங்களுக்குப் புரியுற மாதிரிச் சொல்லணும்னா, ஒரு கம்பெனியில நூறு பேருக்கு மேல இருப்பானுங்க. காலையில எந்திரிக்கிறதுல இருந்து படுக்கிறது வரைக்கும் அவனுங்க என் விசிலுக்குத்தான் அசையணும். மேல ஒரு அதிகாரி இருப்பாரு. ஆனா பயலுகளுக்கு அவரு கோபுரத்துல இருக்குற சாமி. ஊர் எல்லையில அருவாளோட நிக்குற சாமி நான். என்னைத் தாண்டித்தான் எதுவும் போகணும், எதுவும் வரணும். பழக்குனதும் நான்தான். துப்பாக்கி பிடிக்க, கயிறு கட்ட, பனியில நடக்க, எல்லாம். பட்டாளத்துல சொல்லிக் குடுக்குறவனை உஸ்தாத்னு கூப்பிடுவாங்க. நூறு பேருக்கும் நான் உஸ்தாத்.

இன்னைக்கு அந்தக் கம்பெனி பனிமலை மேல இருக்கு. நான் உங்ககூட ரயில்ல உக்காந்து முறுக்கு தின்னுட்டு இருக்கேன்.

முதல்ல இருந்து சொல்றேன். போன தடவை பனிமலைக்குப் போயிருந்தோம். எந்த மலைன்னு சொல்லக்கூடாது. இந்தப் பக்கம் நாம, அந்தப் பக்கம் அவங்க, நடுவுல பனி. உச்சியில ஒரு சின்ன காவல் போஸ்ட். பத்துப் பன்னிரண்டு பேரு ஒரே கூடாரத்துல ஒருத்தன் மூச்சை ஒருத்தன் குடிச்சுக்கிட்டுக் கெடக்கணும். எங்ககூட வந்த அதிகாரிக்கு நுரையீரல்ல தண்ணி கோத்து, அவரைக் கீழ இறக்கிட்டாங்க. அடுத்தவரு வர்ற வரைக்கும் போஸ்ட் என் கையில.

அப்பத்தான் அந்தச் செய்தி வந்துச்சு. எங்க போஸ்ட்ல இருளப்பன்னு ஒரு நாயக், ஹவில்தாருக்கு ஒரு படி கீழ. கமுதிப் பக்கத்துப் பய. கெட்டிக்காரன், அதை மறைக்க மாட்டேன். நான் வளர்த்த பய. எல்லாரும் உஸ்தாத்னு கூப்பிட்டா அவன் மட்டும் தனியா இருக்கும்போது அண்ணேன்னு கூப்பிடுவான். கீழ இருந்து வயர்லஸ்ல சொல்றாங்க, அவன் அப்பா சீரியஸா கெடக்காரு, ஆளை அனுப்ப முடியுமான்னு. செய்தியை வாங்குனது ஜெபராஜ். நாகர்கோவில்காரன், ஒல்லிக் குச்சி, வயர்லஸ் பெட்டியைத் தூக்கவே ரெண்டு தடவை மூச்சு வாங்குவான். அவன் வந்து என்கிட்டச் சொன்னான். அதுதான் முறை. இது உன் காதோட இருக்கட்டும்னு சொல்லி அனுப்பிட்டேன்.

ஏன்னு கேளுங்க. நீங்களும் கேக்கத்தான் செய்வீங்க, உங்க முகத்தைப் பார்த்தாத் தெரியுது. வெளிய பனிக்காத்து. ஹெலிகாப்டர் வராது. அவனைச் சுமந்துட்டா போக முடியும்? மறுநாள் கீழ இருக்குற கேம்ப்ல இருந்து மண்ணெண்ணெய் கொண்டுவரணும். மண்ணெண்ணெய் இல்லாட்டி அடுப்பு இல்ல. அடுப்பு இல்லாட்டித் தண்ணி இல்ல, பனியை உருக்கித்தான குடிக்கிறோம். அஞ்சு பேரு ஒரே கயித்துல இடுப்பைக் கட்டிக்கிட்டு நடக்கணும். முதல் ஆள் பனியைக் கம்பியால குத்திப் பார்த்துப் பார்த்துப் போவான். மேல மூடியிருக்கும், அடியில பிளவு இருக்கும், ஆளை அப்படியே விழுங்கிரும். அந்த முதல் ஆள் இருளப்பன். அவன் மனசு கமுதியில அப்பன் கட்டிலுக்குப் பக்கத்துல கெடந்தா கால் எங்க கெடக்கும்? பின்னால நாலு உயிரு.

போஸ்ட்ல ஒரு சாட்டிலைட் போன் இருந்துச்சு. இருந்துச்சு, இல்லைன்னு சொல்லலை. பேட்டரி கம்மி. அவசரத்துக்குன்னு வச்சிருந்தது, நெனச்சப்ப எடுத்துப் பேசுறதுக்கு இல்ல.

மறுநாள் இருளப்பன் அப்பா போயிட்டாருன்னு செய்தி வந்துச்சு. போனவரு போயிட்டாரு. சொன்னா எந்திரிச்சு வந்துருவாரா? மண்ணெண்ணெய் பூராம் வந்து சேரட்டும்னு இருந்தேன். வந்து சேர்ந்துச்சு. வானமும் திறந்துச்சு. ஹெலிகாப்டர் சத்தம் கேட்டப்புறம் கூப்பிட்டுச் சொன்னேன், உங்க அப்பா தவறிட்டாருடா, ஏறுன்னு. ஏறுனான். ஊருக்குப் போய்ச் சேர்றப்போ எல்லாம் முடிஞ்சிருச்சு. மூத்த மகன் அவன். கொள்ளி வச்சது யாரோ பங்காளி.

வருத்தம்தான். எனக்கு மட்டும் வருத்தம் இல்லையா? ஆனா கணக்கைப் பாருங்க. போஸ்ட்ல ஒருத்தன் விரல் போச்சா? போகலை. ஒருத்தன் பட்டினி கெடந்தானா? கெடக்கலை. போன ஆளுகளை முழுசா இறக்கிக் கொண்டுவந்தேன். அதுக்கு ஒருத்தன், ஒரே ஒருத்தன், நல்ல வார்த்தை சொல்லலை.

சொல்ல மாட்டானுங்க. ஏன்னா அந்த ஜெபராஜ் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கலை. கீழ வந்ததும், முதல் செய்தி சீரியஸ்னுதான் வந்துச்சு, உஸ்தாத் மறைச்சுட்டாருன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டான். அதுல இருந்து கம்பெனி கெட்டுச்சு. என்னால கெட்டுச்சுன்னு நீங்க நெனச்சிராதீங்க. அவன் வாயால கெட்டுச்சு.

எப்படிக் கெட்டுச்சுன்னு சொல்லவா? சண்டை இல்ல, சத்தம் இல்ல. சொன்னதைச் செய்வானுங்க. சொல்லாததைச் செய்ய மாட்டானுங்க. ஒருத்தன் மூட்டை கீழ விழுந்து கெடந்தா இன்னொருத்தன் எடுக்க மாட்டான், எடுக்கச் சொல்லி உத்தரவு வரலையே. புட்பால் ஆடுனா பந்தைத் தள்ளிக் குடுக்க மாட்டான். சாப்பாட்டுக் கூடத்துல நூறு பேரு உக்காந்திருப்பானுங்க, தட்டுச் சத்தம் மட்டும் கேக்கும். வீட்டுல இருந்து ஒரு கெட்ட செய்தி வந்துச்சுன்னா, பழைய மாதிரி என்கிட்ட வர மாட்டானுங்க. அவனவன் செல்போனை மறைச்சு வச்சுக்கிட்டுக் கக்கூசுக்குள்ள போய்ப் பேசுவான். இருளப்பன் திரும்பி வந்தான். அண்ணே போச்சு. உஸ்தாத், எஸ் உஸ்தாத், அவ்வளவுதான்.

நான் என்ன பண்ணுவேன்? எனக்குத் தெரிஞ்சதைப் பண்ணுனேன். விசிலை இறுக்குனேன். சாயங்காலமும் ஒரு ஓட்டம், வெயில்ல நிக்க வைக்கிறது, மணல் மூட்டை. இரும்பு வளைஞ்சா அடிச்சுத்தான நிமிர்த்துறோம்?

அடுத்த முறைக்கு மறுபடியும் அதே மலைன்னு உத்தரவு வந்துச்சு. போறதுக்கு நடுவுல கொஞ்ச மாசம்தான். பழைய கம்பெனி கமாண்டர் மாத்தலாகிப் போயிட்டாரு, புதுசா ஒருத்தர் வந்தாரு. மேஜர் கட்டோச். இமாசலத்துக்காரரு. தமிழ்ப் பட்டாளத்துக்கு வர்ற அதிகாரி தமிழ் படிச்சிருக்கணும். படிச்சிருந்தாரு, ஆனா புத்தகத்துல. அமருங்கள், அருந்துங்கள்னு பேசுவாரு. முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அப்புறம் வரலை.

வந்தவரு கொஞ்ச நாள் எதையும் மாத்தலை. பார்த்துக்கிட்டே இருந்தாரு. ஒருநாள் முழுச் சுமையோட ஓட்டம். பாதியில எங்க ஆள் ஒருத்தன் சுருண்டு விழுந்துட்டான். பின்னால வந்தவனுங்க அவனைச் சுத்திக்கிட்டு ஓடிட்டானுங்க. ஒருத்தன் நிக்கலை. ரோட்டு ஓரத்துல நின்னுக்கிட்டிருந்த மேஜரு தானே போய், அவனைத் தூக்கி, அவன் துப்பாக்கியையும் மூட்டையையும் தான் மாட்டிக்கிட்டு, கடைசி ஆளா வந்து சேர்ந்தாரு. வந்து என்கிட்டக் கேட்டாரு.

"குருவையா, ஏன் யாரும் நிற்கவில்லை?"

"யாருக்காகவும் நிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன் சார். நேரம் முக்கியம்."

அவரு என் முகத்தையே பார்த்தாரு. சரின்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. பாராட்டப் போறாருன்னு நெனச்சேன் அண்ணாச்சி. மறுநாள் காலையில சாயங்கால ஓட்டத்தை நிறுத்திட்டாரு. வெயில்ல நிக்க வைக்கிறதை நிறுத்திட்டாரு. தண்டனை குடுக்கணும்னா தன்கிட்டக் கேக்கணும்னுட்டாரு. இத்தனை வருசத்துல முதல் தடவையா என் விசில் பையில கெடந்துச்சு.

அப்புறம் ஆரம்பிச்சுது கூத்து. அதிகாரிகளும் பயலுகளும் ஒரே பந்தியில சாப்பிடணும். வாரத்துக்கு ஒருநாள் சமையல்காரனுக்கு லீவு, பத்துப் பத்துப் பேரா இருக்குற ஒவ்வொரு செக்ஷனா ஆக்கிப் போடணும். மேஜரு உக்காந்து வெங்காயம் உரிக்காரு. கண்ணுல தண்ணி வழிய உரிக்காரு, பயலுக சிரிக்கானுங்க. நான் அந்தப் பக்கமே போகலை. அதிகாரி வெங்காயம் உரிச்சா அப்புறம் அவரு உத்தரவுக்கு என்ன மதிப்பு? ஓட்டம் உண்டு, ஆனா கடைசி ஆள் வர்ற நேரம்தான் செக்ஷனோட நேரம். அதனால வேகமா ஓடுறவன் மெதுவா ஓடுறவன் மூட்டையைத் தூக்குறான். பாதிப் பேரு ரெண்டு மூட்டையோட வாரான். இது பட்டாளமா, திருவிழாக் கூட்டமா?

கொஞ்ச நாள்ல சத்தம் வந்துச்சு, அதையும் சொல்லணும். சாப்பாட்டுக் கூடத்துல பேச்சு, சிரிப்பு, ஒருத்தன் தட்டுல இருந்து இன்னொருத்தன் மீன் துண்டை எடுக்குறது. நான் உள்ள போனா குறைஞ்சிரும். மரியாதை.

மேல போறதுக்கு முன்னால பனியில ஒரு பயிற்சி முகாம் உண்டு. அங்க ஒருநாள் சாயங்காலம் போன தடவை மேல இருந்தவங்களை மட்டும் கூப்பிட்டு வட்டமா உக்கார வச்சாரு. போன முறை நடந்ததைப் பேசாமல் இந்த முறை ஏற வேண்டாம்னாரு. முதல்ல தன் கதையைச் சொன்னாரு. வேற ஒரு மலையில, காலு மரத்துப் போச்சுன்னு ஒருத்தன் சொன்னப்ப நடிக்கிறான்னு நெனச்சு நடக்க விட்டாராம். அவனுக்குக் கால் விரல் பூராம் போச்சாம். ஒவ்வொரு வருசமும் அவன் வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறாராம். ஒரு மேஜர், சிப்பாய்ங்க முன்னாடி, தன் தப்பைச் சொல்றாரு. எனக்கு உடம்பு கூசிப்போச்சு. தலை குனிஞ்சு பூட்ஸையே பார்த்துக்கிட்டிருந்தேன்.

அப்புறம் இருளப்பன் பேசுனான். சத்தம் போடலை. சத்தம் போட்டிருந்தா நான் ரெண்டு அறை விட்டுச் சரி பண்ணியிருப்பேன்.

"அப்பா செத்ததை மறைச்சதைக் கூட விட்டுர்றேன் சார். முதல் நாள் அவரு உயிரோட இருந்தாரு. போன் போஸ்ட்ல இருந்துச்சு. உஸ்தாத் எனக்குக் கெடுதல் நெனைச்சாருன்னு நான் சொல்லலை. என்கிட்டக் கேட்டிருந்தா ஒரு வார்த்தை அவர்கிட்டப் பேசிட்டு, கண்ணைத் துடைச்சுக்கிட்டு, மண்ணெண்ணெய் எடுக்கப் போயிருப்பேன். போக மாட்டேன்னு அவரு எப்படி முடிவு பண்ணாரு?"

பாருங்க, எப்படிக் கேக்கான்னு. எப்படி முடிவு பண்ணேனாம். முடிவு பண்றதுக்குத்தான என் கையில போஸ்ட்டைக் குடுத்தாங்க?

எல்லாரும் என்னைப் பார்க்கானுங்க. மேஜரு மெதுவாக் கேட்டாரு, நீங்கள் இருளப்பனிடம் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களான்னு. எனக்குப் புரியுது, மன்னிப்புக் கேக்கச் சொல்றாரு. கேட்டா முடிஞ்சிருமாம். நான் எந்திரிச்சு நின்னு அட்டென்ஷன்ல சொன்னேன்.

"அதே நிலைமை மறுபடியும் வந்தா மறுபடியும் அதையேதான் செய்வேன் சார்."

உண்மையைச் சொன்னேன் அண்ணாச்சி. உண்மையைப் பேசத்தான உக்கார வச்சாரு? மனசுல ஒண்ணை வச்சுக்கிட்டு வாயில ஒண்ணைப் பேசியிருந்தா இன்னைக்கு நானும் மேல இருந்திருப்பேன். ஜெபராஜ் மட்டும் எந்திரிச்சுக் கூடாரத்துக்கு வெளிய போயிட்டான். மேஜரு நன்றின்னாரு. நன்றின்னா என்ன அர்த்தம்?

அடுத்த நாள்தான் கயிறு. பனிப்பாறை மேல நடக்குற பயிற்சி. எப்பவும் யாரு எந்தக் கயித்துல, யாரு முதல், யாரு கடைசின்னு நான்தான் பிரிப்பேன். மேஜரு சொல்றாரு, இன்று நீங்களே சேர்ந்துகொள்ளுங்கள், யார் பிடித்தால் உங்களுக்கு நம்பிக்கையோ அவரோடு கட்டிக்கொள்ளுங்கள். கயிறுகளைக் கீழ போட்டுட்டுத் தள்ளி நின்னுக்கிட்டாரு.

சட்டு சட்டுன்னு சேர்ந்துட்டானுங்க. பேரு சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டானுங்க. கொக்கி மாட்டுற சத்தம் எல்லாப் பக்கமும் கேக்குது. நான் என் இடுப்புக் கொக்கியைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கேன். எந்தக் கயித்துலயாவது கூப்பிடுவானுங்கன்னு நிக்கேன். எவன் முகத்தைப் பார்த்தாலும் குனிஞ்சு முடிச்சைச் சரி பண்றான். அத்தனை முடிச்சும் நான் சொல்லிக் குடுத்த முடிச்சு. கல்யாண வீட்டுல பந்தியில இடம் கெடைக்காம நிப்பான் பாருங்க ஒருத்தன், அந்த மாதிரி நிக்கேன், நாப்பது வயசுக்கு மேல.

அப்பத்தான் இருளப்பன் வந்தான். அவன் கயித்துல முதல்ல அவன், அப்புறம் ஒரு இடம் விட்டுருக்கு, அதுக்குப் பின்னால மூணு பேரு. விட்டுருந்தான். வேணும்னே விட்டுருந்தான்.

"என் கயித்துல ரெண்டாவது ஆள் இல்லண்ணே. வாங்க."

அண்ணேன்னான். அத்தனை மாசம் வாயில வராத அண்ணே அத்தனை பேரு முன்னாடி வருது. எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். என் உடம்புல அப்படி ஒரு கோபம் எப்பவும் வந்ததில்ல. எவன் தன் அப்பன்கிட்டக் கடைசியாப் பேச விடலைன்னு ஊர் கூட்டி வச்சுச் சொன்னானோ, அவனே எனக்கு இடம் போடுறான். இரக்கம்! என் மேல! கோபத்துல அவன் ரெண்டு அடி அடிச்சிருந்தாக் கூட வாங்கிக்கிட்டிருப்பேன். உன் கயித்துல வர்றதுக்கு நான் இந்தப் பனியிலயே கெடந்து சாவேன்னு சொல்லிட்டேன். கொக்கியைக் கழட்டி அவன் காலடியில போட்டேன். குனிஞ்சு எடுத்தான். பனியைத் துடைச்சான். இடுப்புல மாட்டிக்கிட்டான். அந்த எடத்தை அப்படியே காலியா விட்டுட்டுத்தான் அன்னைக்கு நடந்தானுங்க.

மேஜரு கூடாரத்துக்குக் கூப்பிட்டாரு. கோபப்படலை. டீ ஊத்திக் குடுத்தாரு. நீங்கள் இல்லாமல் மேலே போக எனக்கும் விருப்பம் இல்லை, உங்கள் அனுபவம் இங்கே யாருக்கும் இல்லைன்னாரு. ஆனா ஒரு நிபந்தனையாம். இருளப்பன் கயித்துல ரெண்டாவது ஆளா வரணுமாம். முன்னால அவன் நடப்பானாம், அவன் நில்லுன்னா நான் நிக்கணுமாம்.

"அவன் நான் பழக்குன பய சார்," அப்படின்னேன்.

"நன்றாகப் பழக்கியிருக்கிறீர்கள். அவர் பின்னால் நடந்து பாருங்கள்," அப்படின்னாரு.

முடியாதுன்னேன். யோசிக்க ரெண்டு நாள் எடுத்துக்குங்கன்னாரு. ரெண்டு நாள் எதுக்கு, இப்பவே சொல்றேன், முடியாதுன்னேன். அவரு டீ கிளாசைக் கீழ வச்சாரு. அப்படியென்றால் உங்களை என்னால் அழைத்துச் செல்ல முடியாது குருவையான்னாரு. குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. அவருக்கு என்ன, வருத்தப்படுற மாதிரி ஒரு முகத்தை வச்சுக்கிட்டாப் போதும். சல்யூட் அடிச்சுட்டு வந்துட்டேன்.

அதுக்கப்புறம் என்னைக் கீழ ஸ்டோர்ல போட்டாங்க. மேல போற சாமானை எடுத்துக் குடுக்கணும். குடுத்தேன். ஒரு குறை வைக்கலை. ஒவ்வொரு கயித்தையும் முழு நீளத்துக்கும் விரலால உருவிப் பார்த்துத்தான் குடுத்தேன். பஞ்சு பிரிஞ்சதைத் தூக்கி எறிஞ்சேன். கோபம் வேற, கயிறு வேற.

அவனுங்க ஏறிப்போற அன்னைக்குக் காலையில லாரி வரிசையா நிக்குது. வழக்கமா கம்பெனி முழக்கத்தை நான் எடுத்துக் குடுப்பேன், நூறு பேரும் பதில் குடுப்பானுங்க. அன்னைக்கு எவனோ ஒருத்தன் எடுத்துக் குடுத்தான். குரல் உடைஞ்சு போச்சு அவனுக்கு, சரியா வரலை. ஆனா பதில் வந்துச்சு பாருங்க. ஸ்டோர் தகரம் அதிர்ந்துச்சு. நான் இருந்தப்ப அப்படி ஒரு பதில் வந்ததில்ல. ஸ்டோருக்குள்ள நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன். அன்னைக்கே பேப்பர் எழுதிக் குடுத்துட்டேன்.

இத்தோட விட்டிருந்தாப் பரவாயில்ல. பேப்பர் கைக்கு வர்றதுக்குள்ள மேல இருந்து செய்தி வந்துச்சு. கம்பெனி கிளார்க்கு ஓடி வந்து சொன்னான். இருளப்பன் விழுந்துட்டானாம். மூடியிருந்த பனி உடைஞ்சு பிளவுக்குள்ள போயிட்டானாம்.

உயிரு இருக்கான்னு கேட்டேன். இருக்குன்னான். தோள்பட்டை ஒடைஞ்சிருக்கு, இடுப்புல அடி, ஆனா இருக்கான். ரெண்டாவது ஆளு அப்படியே பனியில குப்புற விழுந்து, பனிக்கோடாலியைக் குத்தி, கயித்தைக் கையில சுத்திப் பிடிச்சிட்டானாம். பின்னால உள்ளவனுங்க வந்து சேர்ந்து இழுக்குற வரைக்கும் விடலையாம். கையுறை கிழிஞ்சு, கையெல்லாம் பனி கடிச்சு, அப்பவும் விடலையாம். யாருடா அந்த ரெண்டாவது ஆளுன்னு கேட்டேன்.

ஜெபராஜ்.

அந்த ஒல்லிக் குச்சி. மலைக்கே லாயக்கில்லன்னு நான் எழுதிக் குடுத்த பய. அவன் பிடிச்சானாம்.

சந்தோசம்தான். யாரு இல்லைன்னா? ஆனா நீங்க யோசிச்சுப் பாருங்க, அது யாரோட இடம்? எனக்குக் குடுத்த இடம். இருளப்பன் விழும்போது அவன் பின்னால நான் நின்னிருக்கணும். நான் நின்னிருந்தா அவன் விழவே மாட்டான். பனியோட நெறத்தைப் பார்த்தே சொல்லியிருப்பேன், அங்க கால் வைக்காதடான்னு. விழுந்திருந்தாலும் ஒத்தைக் கையில நிறுத்தியிருப்பேன். ஜெபராஜுக்கு விரல் போயிருக்காது. ஆமா, ரெண்டு விரல் எடுத்துட்டாங்க அவனுக்கு. இது யாரு தப்பு? வெங்காயம் உரிச்சவரு தப்பு. அனுபவம் உள்ளவனைக் கீழ விட்டுட்டுப் போனா இதுதான் நடக்கும். இதை நான் மேஜருக்கு எழுதணும்னு இருக்கேன்.

பேப்பர் வாங்கிக்கிட்டு நேத்து டெல்லியில வந்து இறங்குனேன். இந்த வண்டிக்கு நேரம் இருந்துச்சு. ரெண்டு பேரும் அங்க மிலிட்டரி ஆஸ்பத்திரியில இருக்கானுங்கன்னு தெரியும். போகக் கூடாதுன்னுதான் இருந்தேன். காலு போயிருச்சு. வாசல்ல கொஞ்சம் ஆப்பிள் வாங்கிக்கிட்டேன். மத்தியானம், பார்க்குற நேரம்.

வார்டுக்கு வெளியில இருந்தே சத்தம் கேக்குது. நம்ம பயலுக சத்தம். லீவுக்குப் போற வழியில நாலஞ்சு பேரு பார்க்க வந்திருக்கானுங்க. கதவுக்கிட்ட நின்னு பார்த்தேன். இருளப்பன் கட்டுப் போட்டுச் சாஞ்சு உக்காந்திருக்கான். ஜெபராஜுக்கு ரெண்டு கையிலயும் கட்டு. ஒருத்தன் தயிர்சாதத்தைப் பிசைஞ்சு ஜெபராஜு வாயில ஊட்டுறான். ஊட்டிக்கிட்டே ஏதோ சொல்றான். இருளப்பன் சிரிக்கான், சிரிச்சா தோள்பட்டை வலிக்கு, வலியில அய்யோங்கிறான், மறுபடியும் சிரிக்கான். எல்லாரும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கானுங்க.

நான் உள்ள போனேன். சிரிப்பு நின்னுபோச்சு.

எல்லாரும் எந்திரிச்சு நின்னானுங்க. ஊட்டிக்கிட்டிருந்தவன் தட்டைக் கீழ வச்சுட்டு நின்னான். ஜெபராஜ் கூடக் கட்டில்ல இருந்து காலைக் கீழ போட்டான். ஒருத்தன் ஸ்டூலைத் துடைச்சுப் போட்டான். உக்காருங்க உஸ்தாத். ஒரு குறையும் சொல்ல முடியாது. இருளப்பன்தான் கேட்டான், ஊருக்கா அண்ணே, சாப்பிட்டீங்களான்னு. சாப்பிட்டேன்னேன். என்ன கேக்கன்னு தெரியலை. கம்பியால ஆழமாக் குத்திப் பார்த்தியாடான்னு கேட்டேன். பார்த்தேண்ணேன்னான். பார்த்திருந்தா எப்படிடா நீ விழுவன்னேன். ஜெபராஜ் கையைப் பார்த்தேன். அவன் கையைப் போர்வைக்கு அடியில வச்சுக்கிட்டான்.

சாதம் ஆறிக்கிட்டிருந்துச்சு. நான் உக்காந்திருக்கிற வரைக்கும் யாரும் ஊட்டப் போறதில்லன்னு தெரிஞ்சுச்சு. ஆப்பிளை ஸ்டூல்ல வச்சுட்டு எந்திரிச்சுட்டேன். கதவு வரைக்கும் வந்தானுங்க. வராண்டா நீளமான வராண்டா. விறுவிறுன்னு நடந்தேன். பாதி தூரம் வந்திருப்பேன் அண்ணாச்சி. பின்னால மறுபடியும் சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு.

என்னைப் பத்தி இருக்காது. விட்ட எடத்துல இருந்து ஆரம்பிச்சிருப்பானுங்க.